டிரங்க் ரோடு – 17: முப்பத்து நான்கு பேரின் தலைவர்

முன்கதை: 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிசப் பாணிச் சமுதாயம்தான் நாட்டின் இலக்கு என்று தீர்மானம் போட்டது. அப்போது கோட்டையில் முதலமைச்சர் காமராஜர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1967-இல், அந்தக் கட்சி கோட்டைப் படியை விட்டு இறங்கியது. அதன்பின் ஏறவே இல்லை. 1996-இல் நரசிம்ம ராவ் அ.தி.மு.க.வோடு கைகோத்ததும் ஜி.கே.மூப்பனார் கட்சியை உடைத்துத் தமிழ் மாநில காங்கிரஸைத் தொடங்கினார். சைக்கிள் சின்னத்தோடு கிளம்பிய அந்தக் கட்சி 39 இடங்களைப் பிடித்ததுவரை சென்ற வாரம் பார்த்தோம்.

•

2006 மே 11, வியாழக்கிழமை.

அன்றிரவு முழு முடிவும் வந்தபோது, கோட்டைக்குப் போகிறவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. எத்தனை பேரோடு போகிறார் என்பதில்தான் சிக்கல்.

தி.மு.க. 96. அ.தி.மு.க. 61. காங்கிரஸ் 34. பா.ம.க. 18. மார்க்சிஸ்ட் 9. இந்தியக் கம்யூனிஸ்ட் 6. பெரும்பான்மைக்கு வேண்டியது 118.

1952-இல் ராஜாஜி பட்ட பாட்டை விட்டுவிட்டால், பொதுத்தேர்தல் முடிந்து தனிப் பெரும்பான்மை இல்லாமல் பதவியேற்ற முதலமைச்சரை இந்த மண் பார்த்ததில்லை. மே 13-இல் கருணாநிதி ஐந்தாவது முறையாகப் பதவியேற்றார். கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி, கூட்டுறவு விவசாயக் கடன் தள்ளுபடி என்று மேடையிலேயே கையெழுத்தும் போட்டார். அமைச்சர்கள் பட்டியலில் இருந்தவர்கள் எல்லாரும் தி.மு.க.வினர். மற்றவர்கள் வெளியிலிருந்து ஆதரவு.

‘மைனாரிட்டி தி.மு.க. அரசு’ என்று ஜெயலலிதா பெயர் வைத்தார். அடுத்த ஐந்தாண்டும் அவருடைய அறிக்கைகளில் ‘மைனாரிட்டி’ என்ற அடைமொழி இல்லாமல் அந்த அரசு வந்ததே இல்லை.

அந்த மைனாரிட்டி அரசுக்குத் தோள் கொடுத்த கட்சிகளில் பெரியது காங்கிரஸ். அதன் 34 உறுப்பினர்களுக்கும் சட்டமன்றத் தலைவராக வந்தவர் டி.சுதர்சனம். தொகுதி, பூந்தமல்லி.

•

சுதர்சனம் என்ற பெயரைக் கேட்டதும் சிலருக்கு ‘தீரன் அதிகாரம் ஒன்று’ படம் நினைவுக்கு வரும். அவர் வேறு. அவர் கும்மிடிப்பூண்டி அ.தி.மு.க. உறுப்பினர், முன்னாள் அமைச்சர் கே.சுதர்சனம். 2005 ஜனவரியில் பெரியபாளையம் அருகே தானாகுளத்தில் வீட்டுக்குள் புகுந்த வடநாட்டுக் கொள்ளைக் கும்பல் சுட்டுக் கொன்றது அவரைத்தான். ஒரே மாவட்டம், ஒரே பெயர் என்பதால் இணையத்தில் இருவர் வாழ்க்கையையும் கலந்து எழுதிவிடுகிறார்கள். நம் கதையில் வருகிறவர் டி.சுதர்சனம்.

இவர் சட்டமன்றத்துக்குள் நுழைந்த கதை ஒரு சாவில் தொடங்குகிறது. இவர் சாவில் அல்ல. நாடே அறிந்த சாவு.

•

1991 மே 21. செவ்வாய்க்கிழமை இரவு.

விசாகப்பட்டினத்திலிருந்து விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு மீனம்பாக்கத்தில் வந்து இறங்கினார் ராஜீவ் காந்தி. மணி எட்டரை இருக்கும். போக வேண்டிய இடம் ஸ்ரீபெரும்புதூர். வழி, கத்திப்பாரா, போரூர், பூந்தமல்லி.

இன்று அந்தச் சாலையில் போகிறவர்களுக்குத் தெரிவது மெட்ரோ தூண்களும் அடுக்குமாடிகளும்தான். அன்று போரூர் தாண்டினால் இருட்டு. குமணன்சாவடி, கரையான்சாவடி என்று சாவடிப் பெயர்களோடு வரிசையாக ஊர்கள். அதற்கப்பால் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை. பூந்தமல்லியில் வண்டி நின்றது. ராஜீவ் பேசினார். மீண்டும் புறப்பட்டார்.

பத்து மணிக்குச் சற்றுப் பிந்தி ஸ்ரீபெரும்புதூர் மைதானத்தில் இறங்கினார். 10.20-க்குக் குண்டு வெடித்தது.

அந்தத் தேர்தலில் பூந்தமல்லிக் காங்கிரஸ் வேட்பாளர் சுதர்சனம். தன் தலைவர் கடைசியாக ஓட்டுக் கேட்டுப் போன வழியில் அவருடைய தொகுதி இருந்தது. தேர்தல் ஜூன் நடுவுக்குத் தள்ளிப்போனது. தமிழ்நாடு அடக்க முடியாத துக்கத்திலும் கோபத்திலும் வாக்களித்தது. அ.தி.மு.க. 164, காங்கிரஸ் 60. தி.மு.க.வை அந்த அலை துடைத்தெடுத்தது. சுதர்சனம் முதல்முறையாகச் சட்டமன்ற உறுப்பினரானார்.

பூந்தமல்லிக்கும் அந்தக் கொலைக்குமான தொடர்பு அதோடு அறுந்துவிடவில்லை. வழக்கை விசாரித்த தடா தனி நீதிமன்றம் அமைந்ததும் பூந்தமல்லியில்தான். 1998 ஜனவரி 28-இல் அங்கேதான் 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பு வந்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அதைப் பெரும்பகுதி மாற்றி, 19 பேரை விடுவித்தது. தீர்ப்பு நாளன்று தொகுதியின் உறுப்பினராக இருந்தவரும் சுதர்சனம்தான். ஆனால் அப்போது அவர் சட்டையில் இருந்தது கை அல்ல, சைக்கிள்.

•

இங்கே கொஞ்சம் நின்று ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும்.

1991-இல் சுதர்சனம் வென்றார். அவர் கட்சி இருந்த அணியும் வென்றது. ஆட்சி அமைத்தது ஜெயலலிதா. அமைச்சரவையில் காங்கிரஸ் இல்லை. அதைவிட வேடிக்கை, கூட்டாளியாக வந்த காங்கிரஸின் எஸ்.ஆர்.பாலசுப்பிரமணியம் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். எதிர்வரிசையில் உட்கார வேறு ஆளே இல்லை.

1996-இல் மூப்பனாரோடு போய் மீண்டும் பூந்தமல்லியில் வென்றார். அணியும் வென்றது. ஆட்சி அமைத்தது கருணாநிதி. அமைச்சரவையில் த.மா.கா. இல்லை. இந்தமுறையும் தோழமைக் கட்சியைச் சேர்ந்தவரே, த.மா.கா.வின் சோ.பாலகிருஷ்ணனே, எதிர்க்கட்சித் தலைவர்.

2001-இல் மூப்பனார் அ.தி.மு.க. பக்கம் திரும்பினார். பூந்தமல்லி அதே அணியிலிருந்த பா.ம.க.வின் கைக்குப் போனது. தேர்தல் முடிந்த சில மாதங்களில், ஆகஸ்ட் 30-இல், மூப்பனார் மறைந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவர் மகன் ஜி.கே.வாசன் கட்சியைக் கொண்டுபோய்க் காங்கிரஸோடு சேர்த்தார். சைக்கிள் மீண்டும் கையானது.

2006-இல் மூன்றாவது வெற்றி. அணியும் வென்றது. அமைச்சரவையில் இடம் இல்லை.

மூன்று தேர்தல், மூன்று வெற்றி, மூன்று முறையும் ஜெயித்த பக்கம். ஒருமுறைகூட அவருடைய கட்சி ஆட்சியில் இல்லை. கல்யாண வீட்டுக்குப் பந்தல்கால் நட்டவன், வாழை கட்டியவன், விருந்தாளிகளை வரவேற்றவன் எல்லாம் அவன்தான். பந்தியில் மட்டும் இலை கிடையாது. தமிழ்நாட்டுக் காங்கிரஸின் அரை நூற்றாண்டுக் கதையை ஒரே ஆளின் வாழ்க்கையில் பார்க்க வேண்டுமென்றால், நான் சுதர்சனத்தின் பக்கம்தான் கை காட்டுவேன்.

•

சரி, முதல் இரண்டு முறை கேட்க வாயில்லை. ஆண்டவர்களுக்கு அறுதிப் பெரும்பான்மை இருந்தது. 2006-இல் என்ன வந்தது? 34 பேர் இருந்தும் ஏன் ஒரு நாற்காலிகூடக் கேட்டு வாங்கவில்லை?

கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. ‘ஆட்சியில் பங்கு’ என்ற முழக்கம் கட்சித் தலைமையகமான சத்தியமூர்த்தி பவனில் ஓயவே இல்லை. ஈ.வெ.கி.ச.இளங்கோவன் போன்றவர்கள் மேடைதோறும் பேசினார்கள். காமராஜர் ஆட்சி அமைப்போம் என்ற பழைய சுவரெழுத்துக்குப் புதுச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது.

ஆனால் கேட்க வேண்டிய இடம் டெல்லி. டெல்லி கேட்கவில்லை.

2004-இல் மன்மோகன் சிங் பிரதமரானபோது மக்களவையில் காங்கிரஸுக்கு இருந்தது 145 பேர். அதுவும் ஒரு மைனாரிட்டிதான். அந்த அரசைத் தாங்கிய தூண்களில் ஒன்று தி.மு.க.வின் 16 எம்.பி.க்கள். அந்த 16 பேருக்காக டெல்லியில் தி.மு.க. பெற்ற அமைச்சர்கள் ஏழு பேர், டி.ஆர்.பாலு, தயாநிதி மாறன், ஆ.ராசா மூவருக்கும் கேபினட்.

16 கொடுத்தவர்களுக்கு ஏழு. 34 கொடுத்தவர்களுக்குச் சுழியம்.

அங்கே நீ என்னைத் தாங்கு, இங்கே நான் உன்னைத் தாங்குகிறேன் என்பதாக வெளியில் பேசிக்கொண்டார்கள். உண்மையில் தராசு ஒரு பக்கமாகத்தான் சாய்ந்திருந்தது. பிரதமர் நாற்காலியைக் காப்பாற்ற, சென்னை நாற்காலிகளைக் காங்கிரஸ் விட்டுக்கொடுத்தது. அந்த விலையைச் சட்டமன்றத்தில் தினமும் கட்ட வேண்டியவர் சுதர்சனம்.

அது எப்படிப்பட்ட வேலை? ஆளுநர் உரையா, நிதிநிலை அறிக்கையா, கட்சி சார்பில் பேச வேண்டும். குறை சொல்லாமல் பேசினால் தி.மு.க.வின் ஊதுகுழல் என்று சொந்தக் கட்சிக்காரனே சொல்வான். குறை சொன்னால் மறுநாள் டெல்லியிலிருந்து போன் வரும். அவையில் யார் பேசுவது, எவ்வளவு நேரம், எந்தக் கேள்வி என்று பங்கு பிரிக்க வேண்டும். பிரிக்கப்படுகிறவர்களோ வாசன் அணி, சிதம்பரம் அணி, இளங்கோவன் அணி, தங்கபாலு அணி என்று சத்தியமூர்த்தி பவனில் வேட்டி கிழித்துக்கொள்கிற கூட்டம். பீட்டர் அல்போன்ஸ், வேலூர் ஞானசேகரன் போல அவையில் பேசத் தெரிந்தவர்களும் அந்த 34-இல் இருந்தார்கள்.

•

இனி, இந்தத் தொடரில் நான் அதிகம் யோசித்த ஒரு கணக்கு.

‘காங்கிரஸ் ஆதரவை விலக்கினால் தி.மு.க. அரசு அன்றே கவிழும்’ என்று 2006 முதலே எல்லாரும் சொன்னார்கள். காங்கிரஸ்காரர்கள் அதை மார்தட்டிச் சொன்னார்கள். கூட்டிப் பாருங்கள்: தி.மு.க. 96, பா.ம.க. 18, மார்க்சிஸ்ட் 9, இந்தியக் கம்யூனிஸ்ட் 6. மொத்தம் 129.

வேண்டியது 118.

காங்கிரஸ் இல்லாமலே அரசு நின்றிருக்கும்! முதல் இரண்டு ஆண்டுகளில் சுதர்சனத்தின் கையில் இருந்தது துருப்புச்சீட்டே அல்ல. கருணாநிதிக்கு அது தெரியும். அவரைவிடக் கூட்டல் தெரிந்தவர் அப்போது தமிழ்நாட்டு அரசியலில் யார்?

2007 ஜூனில் மதுரை மேற்கு இடைத்தேர்தலில் காங்கிரஸின் கே.எஸ்.கே.ராஜேந்திரன் ஜெயித்து, அ.தி.மு.க. இடத்தைப் பறித்தார். 34 என்பது 35 ஆனது. அதனாலும் கணக்கு மாறிவிடவில்லை.

மாறியது அடுத்த ஆண்டு. அதுவும் காங்கிரஸ் எதுவும் செய்யாமலே.

•

2008 ஜூன். பா.ம.க. தலைவர்களில் ஒருவரான காடுவெட்டி குருவின் மேடைப் பேச்சு பற்றிக்கொண்டது. தி.மு.க. தன் அணியிலிருந்து பா.ம.க.வை வெளியே தள்ளியது. 18 போச்சு.

ஜூலை. அமெரிக்காவோடு அணுசக்தி ஒப்பந்தம். இடதுசாரிகள் மன்மோகன் சிங்குக்கு ஆதரவை விலக்கினார்கள். 22-ஆம் தேதி மக்களவையில் நம்பிக்கை வாக்கெடுப்பு. 275-க்கு 256 என்று அரசு தப்பியது. டெல்லியில் விழுந்த வெட்டு சென்னையிலும் இறங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் தி.மு.க. அணியில் இல்லை. 15 போச்சு.

இப்போது கூட்டுங்கள். தி.மு.க. ஏறத்தாழ நூறை ஒட்டி. காங்கிரஸ் 35. வேறு பெரிய கட்சி எதுவும் இல்லை.

மூன்று கால் முக்காலியில் ஒரு கால் போல இருந்த காங்கிரஸ், ஒரே ஆண்டில் ஊன்றுகோலாகிவிட்டது. சுதர்சனத்தின் 35 பேர் எழுந்து மறுபக்கம் நடந்தால் அரசு அன்றே விழும். 1967-க்குப் பிறகு, தமிழ்நாட்டு ஆட்சியின் மேல் இவ்வளவு நேரடியான பிடி காங்கிரஸுக்குக் கிடைத்தது அபூர்வம்.

அதே ஆண்டு பிப்ரவரியில் இன்னொரு காகிதமும் வெளிவந்திருந்தது: தொகுதி மறுசீரமைப்பு ஆணை. ஆவடி, அம்பத்தூர், மதுரவாயல் என்று மேற்குப் புறநகரில் புதுத் தொகுதிகள். பூந்தமல்லி, தனித்தொகுதி. பொதுத்தொகுதியாக இருந்த பூந்தமல்லியின் கடைசி உறுப்பினர் சுதர்சனம் என்று அன்றே எழுதப்பட்டுவிட்டது.

•

பிடி கிடைத்த நேரத்தில் வந்து நின்றது ஈழம்.

2007 நவம்பரில் விடுதலைப் புலிகளின் அரசியல் பிரிவுப் பொறுப்பாளர் சு.ப.தமிழ்ச்செல்வன் விமானக் குண்டுவீச்சில் இறந்தபோது கருணாநிதி இரங்கல் கவிதை எழுதினார். தலைவரைப் பறிகொடுத்த கட்சியின் ஆதரவில் நிற்கும் முதல்வர் இப்படி எழுதலாமா என்ற முணுமுணுப்பு அப்போதே கிளம்பியது. 2009 ஜனவரியில் வன்னியில் போர் இறுகியது. 23-ஆம் தேதி, போரை நிறுத்த மத்திய அரசு தலையிட வேண்டும் என்று இறுதி வேண்டுகோளாகத் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. வேண்டுகோள் யாருக்கு? காங்கிரஸ் தலைமை தாங்கும் அரசுக்கு. கேட்ட அரசு யார் தயவில் நிற்கிறது? காங்கிரஸின் தயவில்.

தெருவில் மாணவர்களும் வழக்கறிஞர்களும் காங்கிரஸ் கொடியைக் கண்டாலே கொதித்த மாதங்கள் அவை. காங்கிரஸ் ஆதரவை விலக்கினால், ஈழத்துக்காகப் பேசிய முதல்வரைக் கவிழ்த்த கட்சி என்ற பெயர் வரும். விலக்காவிட்டால் பழைய ஏளனம் தொடரும். அந்த நேரத்தில் பதவியில் பங்கு கேட்டு எந்தக் காங்கிரஸ்காரர் மைக் பிடித்திருக்க முடியும்?

மே மாதத்து மக்களவைத் தேர்தல் முடிவு தராசைத் திருப்பிப் போட்டது. நாடு முழுவதும் காங்கிரஸ் 206. தமிழ்நாட்டில் தி.மு.க. 18, காங்கிரஸ் 8. ஈரோட்டில் இளங்கோவன், சேலத்தில் தங்கபாலு, மயிலாடுதுறையில் மணிசங்கர் அய்யர் மூவரும் தோற்றார்கள். டெல்லியில் காங்கிரஸுக்குப் பலம் கூடியது. சென்னையில் அதற்காகக் குரல் கொடுக்க வேண்டியவர்கள் மண்ணைக் கவ்வியிருந்தார்கள். வாய்ப்பு என்று ஒன்று இருந்ததானால் அது 2008-இன் பிற்பாதியில்தான் இருந்தது. அது கையைவிட்டுப் போய்விட்டது என்பது என் கணிப்பு. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதலாம்.

•

2010 மார்ச் 13. ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய சட்டமன்ற வளாகம். திறந்து வைத்தவர் மன்மோகன் சிங். சோனியா காந்தியும் வந்திருந்தார். கூட்டணி இதைவிடப் பொலிவாகப் படம் எடுத்துக்கொண்ட நாள் வேறில்லை. கோட்டையிலிருந்து சபை அங்கே குடிபெயர்ந்தது.

ஜூன் 23. கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு. குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் தொடங்கி வைத்தார். ஐந்து நாள் கொடிசியா வளாகம் திருவிழாக் கோலம். மாநிலத்தின் பல கட்சித் தலைவர்களும் கோவைப் பக்கம்.

மாநாட்டுக்குப் போன சுதர்சனம் அங்கேயே உடல்நலம் குன்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

27-ஆம் தேதி மாநாடு முடிந்தது. பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

28-ஆம் தேதி, திங்கட்கிழமை, சுதர்சனம் காலமானார்.

சட்டமன்றத்தின் ஆயுள் இன்னும் ஓராண்டுகூட இல்லை. பூந்தமல்லிக்கு இடைத்தேர்தல் நடக்கவில்லை. அந்த இருக்கை காலியாகவே இருந்து, அடுத்த தேர்தலில் தனித்தொகுதியாக எழுந்தது.

•

காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் நாற்காலியைக் காலியாக விட முடியாது. அது போய்ச் சேர்ந்த இடம் வெகு தூரத்தில் இல்லை. அதே டிரங்க் ரோட்டில் பூந்தமல்லிக்கு அடுத்து வருகிற ஸ்ரீபெரும்புதூர். அந்தத் தொகுதியின் உறுப்பினர் டி.யசோதா புதிய தலைவரானார்.

1991-இல் ராஜீவின் வண்டி கடைசியாகப் போன வழியிலேயே அந்த நாற்காலியும் போனது என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. தற்செயலுக்கு அவ்வளவு அலங்காரம் வேண்டாம்.

யசோதா பொறுப்பேற்று நான்கைந்து மாதம்கூட ஆகவில்லை. நவம்பரில் 2ஜி அலைக்கற்றை விவகாரம் வெடித்தது. 11-ஆம் தேதி ஜெயலலிதா ஒரு தொலைக்காட்சியில் தோன்றினார். ராசாவை நீக்கினால் தி.மு.க. ஆதரவை விலக்கிவிடும் என்று பயப்பட வேண்டாம், அந்த 18 பேருக்கு ஈடான ஆதரவுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன் என்று டெல்லியைப் பார்த்துச் சொன்னார். மூன்று நாளில் ராசா ராஜினாமா செய்தார்.

‘மைனாரிட்டி’ என்று சொல்லிச் சொல்லி நான்கரை ஆண்டு கேலி செய்தவரே காங்கிரஸுக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஓமந்தூரார் தோட்டத்தில் ஆட்சியின் ஊன்றுகோல் இன்னும் காங்கிரஸின் கையில்தான் இருந்தது. தேர்தலுக்கு ஐந்தே மாதம்.

சுதர்சனம் காலத்தில் டெல்லி கேட்காத ஆட்சிப் பங்கை யசோதா காலத்திலாவது கேட்குமா? இல்லை, வண்டியையே மாற்றிக் கட்டப் போகிறார்களா?

(அடுத்த வாரம்)